ஜப்பான் கேமுக்கு எந்த டிவி?

கேள்வி: ஜப்பானிலிருந்து மாமா சூப்பர் ஃபேமிகாம் என்ற பழைய வீடியோ கேம் கன்சோல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் பழைய டப்பா டிவியில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக, மேலும் கீழும் உருண்டுகொண்டே இருக்கிறது. புது டிவி வாங்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: அதற்கு முன்னால் ஒன்று, அடாப்டரை நேராகச் சுவர் பிளக்கில் செருகிவிடவில்லையே? ஜப்பானில் 100 வோல்ட், நம் வீட்டில் 230. வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடாதீர்கள்.

இனி டிவி. உங்கள் பெட்டி கெட்டுப்போகவில்லை. டிவி சிக்னலில் நம் ஊர் முறைக்குப் பால் (PAL) என்று பெயர், அதில் நொடிக்கு 50 தடவை படம் மாறும்; ஜப்பானின் என்டிஎஸ்சி (NTSC) முறையில் கிட்டத்தட்ட 60. பால் மட்டும் தெரிந்த டிவிக்கு அந்த வேகமும் பிடிபடாது, கலர் சிக்னலும் புரியாது, அதுதான் உருளலும் கறுப்பு வெள்ளையும்.

புது எல்இடி டிவிகள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும். ஆனால் அந்தப் பழைய 240 வரிப் படத்தை இழுத்துப் பெரிதாக்கும்போது மசமசவென்று ஆகிவிடும், பட்டனை அழுத்திக் கொஞ்சம் தாமதமாகத்தான் ஆள் குதிப்பான், டிவியின் செட்டிங்கில் கேம் மோட் போட்டால் கொஞ்சம் தேவலை. என்னைக் கேட்டால், பழைய சாமான் கடையில் பின்பக்கம் 'மல்ட்டி சிஸ்டம்' என்று போட்ட, அதாவது இரண்டு முறையும் தெரிந்த டப்பா டிவியைத் தேடுங்கள். கன்சோலைக் கையோடு எடுத்துப்போய், ஆன்டெனா ஒயரை விட்டுவிட்டு டிவியின் மஞ்சள் வீடியோ பின்னில் செருகி, கலர் வருகிறதா பார்த்த பிறகு விலை பேசுங்கள்.