கோரியோகிராஃபி ரவுண்டுன்னா என்ன, அதுக்கு எப்படி தயாராகுறது?

அமெரிக்காவுல 2005ல ஃபாக்ஸ் டிவில ஆரம்பிச்ச 'சோ யூ திங்க் யூ கேன் டான்ஸ்'ங்கிற டான்ஸ் போட்டியோட பல சீசன்கள்ல, ஆடிஷன்ல முதல்ல நீங்களே அமைச்ச தனி டான்ஸ் ஆடணும்னு இருந்துச்சு. ஜட்ஜஸ்க்கு ரொம்ப பிடிச்சா நேரா லாஸ் வேகாஸ் டிக்கெட், அதாவது அந்த ஊர்ல நடந்த அடுத்த கட்டத் தேர்வுக்கு அனுமதி, கொஞ்சம் சந்தேகம் இருந்தா ஆடிஷன் நடக்குற இடத்துலயே புது ஸ்டெப்ஸ் சொல்லிக்கொடுத்து ஜோடியா ஆடச் சொன்னாங்க, அதான் கோரியோகிராஃபி ரவுண்டு.

ஏன் இப்படின்னா, ஷோவுக்குள்ள போனதும் வாராவாரம் ஹிப்ஹாப், சல்சா, வால்ட்ஸ்னு எது வேணா வந்துச்சு, வேற ஒருத்தர் அமைச்சத சில நாள்ல கத்துக்கிட்டு ஆட வேண்டியிருந்துச்சு, அதனால சீக்கிரம் பிடிச்சுக்கிறீங்களான்னு பாத்தாங்க. நம்ம வீட்டு அடுப்புல பிரியாணி சூப்பரா செய்யறவங்கள தெரியாத கிச்சன்ல நிறுத்தி, அடுத்தவங்க பக்குவத்துல மீன் குழம்பு வைக்கச் சொன்னா எப்படி இருக்கும், அதே மாதிரிதான்.

அதனால இந்த மாதிரி ரவுண்டுக்குத் தயாராகணும்னா தனி டான்ஸையே நூறு தடவ தேய்க்காதீங்க. உங்களுக்கு வராத ஸ்டைல் கிளாஸுக்குப் போங்க, முக்கியமா ஜோடி டான்ஸ், ஏன்னா இன்னொருத்தர் கைய பிடிச்சு பேலன்ஸ் பண்றது தனியா எவ்ளோ ஆடினாலும் வராது. கண்ணாடிக்கு முதுகு காட்டியும் ஆடிப் பழகுங்க, கண்ணாடி இல்லன்னா நிறைய பேருக்கு இடது வலதே குழம்பிடும். ஸ்டெப் மறந்தா நிக்காம தொடர்றதும் பயிற்சிதான், அத ரொம்ப பேர் பண்றதே இல்ல.

இந்த ரவுண்டுக்கு அனுப்பிட்டாங்கன்னா பாதி தோத்த மாதிரின்னு பலர் நினைக்கிறாங்க, அப்படி இல்லவே இல்ல, இதுல தேறினவங்களுக்கும் கிடைச்சது அதே வேகாஸ் டிக்கெட்தான்.