கொலையாளி யாரென்று அக்காவுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியாது

கேள்வி: நானும் என் தம்பியும் ‘ஆரோ’ என்கிற அமெரிக்க சூப்பர் ஹீரோ தொடரைச் சேர்ந்து பார்த்துவருகிறோம். அவன் வேலைக்காக பெங்களூரு போய் நாலு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் போட்டுக்கொண்டு, அவன் அங்கே நான் இங்கே, ஒரே நேரத்தில் ஒரு எபிசோட் பார்ப்போம். யாரும் தனியாக முன்னால் போகக்கூடாது என்பது ஒப்பந்தம். மூன்றாவது சீசனில் ஹீரோ ஆலிவரின் கூட்டாளி சாராவைக் கொன்றது யார் என்று இரண்டு பேருக்கும் மண்டை காய்ந்துவிட்டது. ஐந்தாவது எபிசோட் முடிந்த அன்று தூக்கம் வராமல், அதிகாலை மூன்று மணி வரை உட்கார்ந்து ஒன்பதாவது வரை பார்த்து முடித்துவிட்டேன். அவனோ ஆலிவரின் சிஷ்யன் ராய்தான் கொன்றான் என்று தினமும் பத்து நிமிட வாய்ஸ் நோட் அனுப்புகிறான். ‘அப்படியா, இருக்கலாம்’ என்று நடித்துக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் மனசு விட்டுப்போவான். சின்ன விஷயம்தான், ஆனால் உறுத்துகிறது. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: மற்ற வாசகர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. இந்தப் பதிலில் கொலையாளியின் பெயர் வெளிப்படையாக வரும். மூன்றாவது சீசனை இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். உங்கள் தம்பி கையில் இந்த இதழ் சிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

சின்ன விஷயம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலைக்கு வெளியூர் போன பையன் தினமும் அக்காவிடம் பத்து நிமிடம் பேசுகிறான், அதுவும் சாப்பிட்டியா தூங்கினியா என்கிற பேச்சு இல்லை, நாள் முழுக்க மனசில் போட்டு உருட்டியதை எடுத்துவந்து உங்கள் முன்னால் வைக்கிறான். அந்தப் பேச்சை நீங்கள் காப்பாற்ற வேண்டும். அதனால் சொல்லிவிடுங்கள். முன்னால் பார்த்துவிட்டேன் என்பதை மட்டும் சொல்லுங்கள், யார் கொன்றது என்பதைச் சொல்லாதீர்கள். இது இரண்டும் தனித்தனி. ஒன்றைச் சொன்னால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறீர்கள் என்று படுகிறது.

நடிப்பைத் தொடர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். இன்னும் நாலு ஞாயிற்றுக்கிழமையில் அவனும் ஒன்பதாவது எபிசோடுக்கு வந்துவிடுவான். ஆலிவரின் தங்கை தியாதான் அம்பு விட்டவள் என்று தெரிந்த அடுத்த நிமிடம், நீங்கள் இதுவரை சொன்ன ஒவ்வொரு ‘இருக்கலாம்’ எப்படி ஒலித்தது என்று யோசித்துப் பார்ப்பான். தங்கைக்கும் தம்பிக்கும் இதெல்லாம் உடனே பிடிபட்டுவிடும். முன்னால் பார்த்ததற்கு ஒரு நாள் கோபம் வரும். ஒரு மாதம் தன்னை வைத்து நடித்ததற்கு வரும் வருத்தம் ஒரு நாளில் போகாது.

இப்போது அவனுடைய ராய் தியரிக்கு வருகிறேன். தப்பான பதில் என்று அதைத் தள்ளிவிடாதீர்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. ஐந்தாவது எபிசோட் கடைசியில் ராய்க்கு ஒரு கனவு வருகிறது, தன் கையாலேயே சாரா மீது அம்புகளை எறிகிற மாதிரி. ஆறாவதில் உண்மை தெரிகிறது: இரண்டாவது சீசனில் பலத்தையும் வெறியையும் ஏற்றுகிற மிராகுரு மருந்து உடம்பில் ஏறியிருந்தபோது ராய் ஒரு போலீஸ்காரரைக் கொன்றிருக்கிறான், அதை மறந்தும் போயிருக்கிறான், அந்தக் குற்ற உணர்வுதான் சாராவின் சாவோடு கலந்து கனவாக வந்தது. ஆக ராய் குற்றவாளி இல்லை என்றும் சொல்ல முடியாது, அவன் கொன்றது வேறு ஆளை. சரி, இப்போது ஒன்பதாவதை நினைத்துப் பாருங்கள். தியாவின் அப்பா மால்கம் மெர்லின் அவளுக்கு வொட்டூரா என்கிற பூவிலிருந்து எடுத்த மருந்தைக் கொடுத்து, தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் சாராவைக் கொல்ல வைத்திருக்கிறான், அவளுக்கும் எதுவும் நினைவில்லை. மருந்து, கொலை, மறதி. உங்கள் தம்பி ‘தெரியாமலே கொன்றவன், மறந்தும் போனவன்’ என்று ஒருவனைத் தேடியிருக்கிறான், தேடியது சரி, பிடித்த ஆள்தான் வேறு. எழுதியவர்கள் பதிலின் அச்சை நாலு வாரம் முன்னாலேயே ராய் கதையில் காட்டிவிட்டார்கள். இதைக் கவனித்த பிறகு அந்த ஆறாவது எபிசோட் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

நான் இதை 2014-இல் வாராவாரம் பார்த்தேன். அக்டோபர் 8-ஆம் தேதி முதல் எபிசோடில் சாரா மூன்று அம்பு தைத்துக் கூரையிலிருந்து விழுந்தாள், அவளுடைய அக்கா லாரல் கண் முன்னால். விடை வந்தது டிசம்பர் 10-ஆம் தேதி. நடுவில் ஒன்பது வாரம், ஒவ்வொரு வாரமும் ஒரு பெயர் ஏறும், ஒரு பெயர் இறங்கும். இரண்டாவது வாரம் கொமோடோ என்கிற வில்லாளி, அப்புறம் மால்கம், அப்புறம் ராய், கொலைகாரக் கூட்டத் தலைவன் ராஸ் அல் கூலின் ஆட்கள் என்றும் ஒரு பேச்சு. நான் மால்கம் கட்சி. நாலாவது எபிசோடில் தான் சாராவைக் கொல்லவில்லை என்று அவன் ஆலிவரிடம் சத்தியம் செய்தபோது நம்பிவிட்டேன், ஆலிவரும் நம்பினான். அவன் வில்லைத் தொடவில்லை, வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் சத்தியம் பொய்யும் இல்லை. அதுதான் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. மகள் கையில் வில்லைக் கொடுத்து விட வைத்துவிட்டு வந்து சத்தியம் செய்கிறான்.

ஆகவே கொலையாளியின் பெயர் உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பதால் பேச ஒன்றும் மிச்சமில்லை என்று நினைக்காதீர்கள். தியாவா கொலையாளி, மால்கமா? ஆலிவர் கொலைப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு, ராஸ் அல் கூலோடு வாள் பிடித்து மலை உச்சிக்குப் போனது தியாவைக் காப்பாற்ற. அவன் ஜெயித்தால் மால்கம் மேல் அந்தக் கூட்டத்துக்கு இருக்கும் பழிக்கணக்கும் தீர்ந்துவிடும், மால்கமின் முழுத் திட்டமும் அதற்குத்தான். சாராவை மால்கம் வெறுக்கக்கூட இல்லை, அவளுடைய சாவு அவனுக்கு ஒரு சாவி. இந்தக் கேள்வி தொடரில் பிறகு வேறு விதமாகத் திரும்ப வரும், நீங்கள் ஒன்பதாவதோடு நிறுத்தியிருப்பதால் அதை நான் சொல்லப்போவதில்லை.

தம்பியோடு இனிமேல் எப்படிப் பேசுவது என்றும் உங்களுக்குக் கவலை இருக்கும். தெரிந்தவள் முன்னால் தியரி சொல்லக் கூச்சப்படுவான் என்பது உண்மை. அதற்கு நான் சொல்வது, அவன் ஏற்கெனவே பார்த்த ஐந்து எபிசோடுகளிலிருந்து மட்டும் கேள்வி கேளுங்கள். சரி தப்பு என்று தலையாட்டாதீர்கள், சிரிக்கவும் சிரிக்காதீர்கள், போனில் மூச்சு மாறினால்கூடக் கண்டுபிடித்துவிடுவான். கேட்க நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது: சாவதற்கு முன் கூரையில் திரும்பிப் பார்த்த சாரா, நீ இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்கிறாளே, யாரைப் பார்த்தால் ஒரு ஆள் அப்படிக் கேட்பாள்? அது எதிரியைப் பார்த்துக் கேட்கிற கேள்வி இல்லை. தெரிந்த முகம், அங்கே இருக்க வாய்ப்பில்லாத முகம். அன்றைக்கு ஸ்டார்லிங் சிட்டியில் தியா இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அவள் ஊருக்குத் திரும்புவதே மூன்றாவது எபிசோடுக்குப் பிறகு. முதல் எபிசோடிலேயே துப்பு கண்ணெதிரே இருந்திருக்கிறது, ஒன்பது வாரத்தில் எனக்கு உறைக்கவில்லை. உங்கள் தம்பிக்கு உறைக்கலாம். உறைத்தால் அவனாகவே கண்டுபிடித்ததாக இருக்கட்டும், அந்தச் சந்தோஷத்தை அவனிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

ஆறிலிருந்து ஒன்பது வரை அவனோடு சேர்ந்து மறுபடியும் பாருங்கள், ஞாயிறு வழக்கம் அப்படியே போகட்டும். அதற்கு முன்னால் நாலாவது எபிசோடில் அந்தச் சத்தியக் காட்சியை மட்டும் நீங்கள் தனியாக இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள், பதில் தெரிந்து பார்க்கும்போது மால்கமாக நடித்த ஜான் பாரோமனின் முகம் வேறு மாதிரி இருக்கும்.

போன் எப்போது போடுவது என்றால், ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு அவன் அடுத்த வாய்ஸ் நோட்டை அனுப்புவதற்குள் கூப்பிட்டு, ‘டேய், தூக்கம் வரல, ஒன்பது வரைக்கும் பார்த்துட்டேன், யாருன்னு சொல்ல மாட்டேன், நீ சொல்லிக்கிட்டே இரு’ என்று சொல்லிவிடுங்கள். திட்டுவான், கேட்டுக்கொள்ளுங்கள்.