மறுக்க மாட்டான்னு தெரிஞ்சுதான நிறுத்துத?

கேள்வி: அக்கா, டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிட்டு ஒரகடம் பக்கம் கார் பிளான்ட்ல சேந்தேன், இப்போ ட்ரிம் லைன் (வண்டிக்கு உள்பாகம் மாட்டுற லைன்) சூப்பர்வைசர். அடுத்த வருசம் அசிஸ்டென்ட் மேனேஜர் ஆக்குதோம்னு சொல்லுதாவ. வீட்டுலயோ ‘தூத்துக்குடியில புது கார் கம்பெனி வந்துட்டுல்லா, ஊருப்பக்கம் வந்துருங்க’ன்னு ஒரே பிடி. இங்க டார்கெட் பிரஷர்ல தூக்கமே இல்ல. ஆள் வராத அன்னைக்கு, காண்ட்ராக்ட்ல இருக்குற எங்க அக்கா மகனைத்தான் டபுள் ஷிப்ட் நிறுத்துவேன், நம்ம பையன், மறுக்க மாட்டான், அதனால ஓரளவு சமாளிக்கேன். இருக்கவா, வரவா?
– அம்பாசமுத்திரம் பக்கத்து வாசகர்

பதில்: தம்பி, மெட்ராஸ்ல இருக்கவா ஊருக்கு வரவான்னு கேக்குற லெட்டர் எனக்கு வராத மாசம் கிடையாது. உன் லெட்டரை எடுத்தது அதுக்காக இல்ல, போற போக்குல ஒரு வரி எழுதிருக்கியே, ‘நம்ம பையன், மறுக்க மாட்டான்’னு, அதுக்காக.

ஏன் மறுக்க மாட்டான்? வேலை வாங்கிக் குடுத்தது நீயாத்தான் இருக்கும். நீ காண்ட்ராக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா மறுநாள் அவன் கேட்டுக்கு வெளியே. அது போக நீ தாய்மாமன், காது குத்தும்போது உன் மடியிலதான உக்கார வச்சிருப்பாவ. ‘மாமா கை வலிக்கு, முடியல’ன்னு லைன்ல நாலு பேர் முன்னாடி அவனுக்கு வாய் வருமா? மத்த பயலுவ பாட்டி செத்துட்டான்னு பொய்யைச் சொல்லியாவது ரூமுக்குப் போயிருவானுவ, உன் மருமவனுக்கு அந்தப் பொய்யும் கிடையாது, அவன் பாட்டி உனக்கு அம்மால்லா!

சமாளிக்கேன்னு எழுதிருக்க. நீ எங்கடே சமாளிக்க, அவன்லா சமாளிக்கான். 8 மணி நேரமும் 8 மணி நேரமும் 16. நிமிசத்துக்கு ஒரு வண்டி வந்து நிக்குற லைன்ல, போல்ட் முறுக்குற டார்க் கன்னைப் புடிச்சிக்கிட்டு 14வது மணி நேரத்துல அந்தக் கை என்ன நெலமையில இருக்கும்னு உனக்கு நான் சொல்லணுமா? போல்ட் திரெட் மாறி ஏறிச்சுன்னா தப்பான வேலையை எழுதுற ரீவொர்க் ஷீட்ல யார் பேர் வரும், உன் பேரா அவன் பேரா? ஒரு நாளைக்கு 9 மணி நேரம், அதுக்கு மேல போனா ரெட்டைச் சம்பளம்னு 1948 பேக்டரி சட்டத்துலயே போட்டிருந்தாவ, இப்போ வந்த புதுச் சட்டத்துலயும் ஓவர்டைம்னா ரெட்டைதான், அவனுக்கு காண்ட்ராக்டர் ரெட்டையா குடுக்கானா ஒத்தையா குடுக்கானான்னு ஒரு நாளாவது அவன் சம்பளச் சீட்டை வாங்கிப் பாத்தியா? பாத்திருந்தா எழுதிருப்ப.

லெட்டர்ல உங்க அக்காவைப் பத்தி ஒரு பேச்சு இல்ல பாத்தியா. தம்பி கூட இருக்கான், புள்ளையைப் பாத்துக்கிடுவான்னு நம்பி அனுப்புன மனுசி. மாமன்காரன் பொங்கலுக்கு வேட்டி சட்டை எடுத்துக் குடுத்தா போதும்னு நெனச்சிராத, எனக்கு அந்தக் கணக்கு ஒத்துக்காது. வெளியூர்ல அந்தப் பயலுக்கு அப்பன் ஸ்தானத்துல நீதான் நிக்க.

உன் மேலயும் அமுக்குதாவதான், இல்லங்கல. சூப்பர்வைசர் பொழப்பு ரெண்டுங்கெட்டான் பொழப்பு. மேல உள்ளவன் நம்பர் கேப்பான், கீழ உள்ளவன் லீவு கேப்பான், உனக்குன்னு கேக்க சங்கம் கிடையாது. சூப்பர்வைசர் மாசச் சம்பளம் 10,000த்தைத் தாண்டுனா சட்டப்படி தொழிலாளி இல்லன்னு தொழில் தகராறு சட்டத்துல 2010லயே திருத்தம் போட்டாச்சு, இப்போ புதுச் சட்டத்துல 18,000ன்னு ஆக்கிருக்காவ, நீ அதையும் எப்பவோ தாண்டிருப்ப. அதுக்காக உன்னை அமுக்குற பாரத்தை, கேள்வி கேக்க ஆளில்லாத ஒருத்தன் தலையில எறக்குறதா? ஆள் பத்தலன்னா பத்தலன்னு ஷிப்ட் மீட்டிங்ல சொல்லு, லைன் நின்னா நிக்கட்டும், ஆள் போடாதவன் பதில் சொல்லட்டும்.

தூத்துக்குடி விசயம் சின்னதுதான். வின்பாஸ்ட் பிளான்ட் 2025 ஆகஸ்ட்ல திறந்தாச்சு, ஆரம்பத்துல வருசத்துக்கு 50,000 எலெக்ட்ரிக் கார்னு பிளான், லைன் ஓட்டிப் பழகுன ஆள் அவங்களுக்கும் வேணும். நெல்லையில இருந்து 50 கிலோமீட்டர். சம்பளம் கொஞ்சம் குறைஞ்சாலும் பொண்டாட்டி புள்ளைய கூட இருக்கலாம்னா வந்துருன்னுதான் நான் சொல்லுவேன். அசிஸ்டென்ட் மேனேஜர் பதவியை ரொம்ப நம்பாத, மறைமலை நகர் போர்டு கார் பிளான்ட்ல பெரிய பெரிய பதவியில இருந்தவங்களுக்கும் 2021ல மூடப் போறோம்னு அறிவிப்புதான் வந்துச்சு.

ஆனா நீ பாட்டுக்கு வந்துட்டு அந்தப் பயலை அங்க காண்ட்ராக்ட்லயே விட்டுட்டு வந்தா, அடுத்து வர்ற சூப்பர்வைசருக்கு அவன் ‘டபுள் போடுற பையன்’தான், நீ பழக்கி விட்டது. ஐடிஐ படிச்சவனா இருந்தா பதிவு பண்ணுன அப்ரண்டிஸா சேர வழி பாரு, முடிச்சு பரிட்சை எழுதுனா தேசிய சர்டிபிகேட் கிடைக்கும், ரயில்வே மாதிரி இடத்துல அதுக்கு மதிப்பு உண்டு, காண்ட்ராக்ட்ல எத்தனை வருசம் முறுக்குனாலும் அந்தப் பேப்பர் வராது. அது வரைக்கும் அவனை உன் லைன்ல இருந்து மாத்தச் சொல்லி எச்.ஆர்.கிட்ட நீயே எழுதிக் குடு, சொந்த அக்கா மகன்னு மறைக்காம எழுது. இந்த ஞாயித்துக்கெழமை அக்காவுக்குப் போன் போட்டு எத்தனை நாள் அவனை டபுள் நிறுத்துனன்னு உன் வாயாலயே சொல்லு, திட்டுனா வாங்கிக்கிடு. சம்பளச் சீட்டு விசயத்தையும் விட்டுராத, பாக்கி இருந்தா காண்ட்ராக்டர்கிட்ட நீ போய் நின்னு வாங்கிக் குடு.