முடிவு தெரிந்த மல்யுத்தத்துக்கு மியூசியம் எதற்கு?

வணக்கம் சார்,

டெக்சாஸில் இருக்கும் என் பேரன், விச்சிட்டா ஃபால்ஸ் என்ற ஊரில் ரெஸ்லிங் வீரர்களுக்கு ஹால் ஆஃப் ஃபேமும் (பெரிய வீரர்களைச் சேர்த்துக் கௌரவிக்கும் பட்டியல்) மியூசியமும் வைத்திருக்கிறார்கள், நான் வரும்போது போயே ஆகவேண்டும் என்று அடம்பிடிக்கிறான். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்து ஆடுகிற ஆட்டத்துக்கு மரியாதை எதற்கு? தாரா சிங், கிங்காங் மாதிரி மல்யுத்த வீரர்களின் பேரைக் கேட்டு வளர்ந்தவன் நான், வருத்தத்தோடுதான் கேட்கிறேன்.

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம. அவர்களுக்கு,

முடிவைப் பேசிவைப்பது உண்மைதான், இப்போது யாரும் அதை மறைப்பதும் இல்லை. 1989-லேயே டபிள்யூடபிள்யூஎஃப் என்ற பெரிய ரெஸ்லிங் கம்பெனி (இன்றைய டபிள்யூடபிள்யூஇ), அரசின் விளையாட்டுக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கு வாங்குவதற்காக, இது பொழுதுபோக்குதான் என்று நியூ ஜெர்சி செனட்டில் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் விழவேண்டும் என்று பேசிவைத்தாலும் விழுவது நிஜ உடம்புதானே. 1998 ஜூனில் பிட்ஸ்பர்க்கில் அண்டர்டேக்கர் என்ற வீரர் தள்ளிவிட, எதிராளி மிக் ஃபோலி ரிங்கைச் சுற்றிக் கட்டிய சுமார் 16 அடி உயரக் கூண்டின் மேலிருந்து கீழே இருந்த மேஜை மீது வந்து விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனவர்களை விட்டு இறங்கி மறுபடி கூண்டில் ஏறினார், இந்த முறை கூரை பிய்ந்து ரிங்குக்குள் விழுந்தார், பல் உடைந்தது, அப்படியும் ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் போனார். அதற்கு 4 வருஷம் முன்னால் ஜெர்மனியில் ரிங் கயிற்றில் தலை மாட்டி வலது காதில் பெரும்பகுதியை இழந்தவர் அவர்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: அந்த மரியாதையை யார் கொடுக்கிறார்கள்?

டிவியில் வருடாவருடம் விழா எடுக்கிறதே டபிள்யூடபிள்யூஇ, அந்த ஹால் ஆஃப் ஃபேமுக்குக் கட்டடமே கிடையாது. 1993-ல் ஆந்த்ரே தி ஜயன்ட் என்ற வீரர் இறந்ததும் அவர் ஒருவருக்காக ஆரம்பித்தது, யாரைச் சேர்ப்பது என்பது கம்பெனியின் விருப்பம். உங்கள் பேரன் சொல்வது வேறு. எந்தக் கம்பெனியையும் சாராமல் 1999-ல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியில் ஆரம்பித்து, 2005-ல் பக்கத்து ஊரான ஆம்ஸ்டர்டாமுக்கு மாறி, அப்புறம் டெக்சாஸுக்கு வந்தது. ரிங்கில் இருந்தவர்களும் இந்தத் தொழிலின் வரலாற்றை எழுதியவர்களும் சேர்ந்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதனால் என்ன வித்தியாசம் வந்துவிடப்போகிறது என்றால், ப்ரூனோ சம்மார்ட்டினோவைப் பாருங்கள். 1963 மே முதல் 1971 ஜனவரி வரை தொடர்ந்து அந்தக் கம்பெனியின் சாம்பியன். ஸ்டீராய்டும் ஆபாசமும் தொழிலைக் கெடுக்கின்றன என்று வெளிப்படையாகச் சொல்லி, கம்பெனியின் ஹால் ஆஃப் ஃபேம் அழைப்பைப் பல வருஷம் மறுத்தார். இந்த மியூசியம் 2002-ல், தன் முதல் பட்டியலிலேயே அவரைச் சேர்த்துவிட்டது. கம்பெனி விழாவுக்கு அவர் போனது 2013-ல்தான், அதே இரவில் பிரபலங்கள் கணக்கில் டொனால்ட் ட்ரம்புக்கும் அதே கௌரவம்.

மில்ட்ரெட் பர்க் கதை இதைவிட என்னை உலுக்கியது. 1937 முதல் பெண்கள் சாம்பியன். அவரை ரிங்குக்குக் கொண்டுவந்து மேனேஜராகவும் கணவராகவும் இருந்த பில்லி வுல்ஃப், விவாகரத்துக்குப் பிறகு அவருக்கு ஆட்டமே கிடைக்காதபடி எல்லாக் கதவையும் அடைத்தார். 1954 ஆகஸ்டில் அட்லாண்டாவில், வுல்ஃபின் மகனை மணந்த ஜூன் பயர்ஸோடு மோதினார் பர்க். நீங்கள் கேட்கிற மாதிரி, எதையும் பேசிவைக்காத நிஜமான மோதல் அது! மூன்றில் இரண்டு என்ற கணக்கில் முதல் சுற்று பயர்ஸுக்குப் போனது, இரண்டாவது சுற்று முடிவே இல்லாமல் நீள, அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். பட்டம் பயர்ஸுக்கு என்று ஆனது. இப்படிப்பட்ட ஒரு பெண்ணை டபிள்யூடபிள்யூஇ தன் பட்டியலில் சேர்த்தது 2016-ல், அதுவும் மறைந்த பழைய வீரர்களை மொத்தமாகச் சேர்க்கிற 'லெகசி' பிரிவில். கோட்ச், ஹேக்கன்ஷ்மிட், லூ தெஸ் என்று இந்தத் தொழிலுக்கே அஸ்திவாரம் போட்டவர்களும் அந்த வருஷம்தான் உள்ளே வந்தார்கள். எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

உங்கள் தாரா சிங்கும் அதே லெகசி பிரிவில்தான், 2018-ல், அவர் இறந்து 6 வருஷம் கழித்து.

அதனால் பேரனோடு தாராளமாகப் போய் வாருங்கள். திறந்திருக்கும் நாளை மட்டும் முன்பே விசாரித்துவிடச் சொல்லுங்கள், சின்ன மியூசியங்களை நம்பி நீண்ட தூரம் கார் ஓட்டக்கூடாது. அயோவா மாநிலம் வாட்டர்லூவில், ஒலிம்பிக் மல்யுத்த வீரர் டான் கேபிள் பேரில் இருக்கும் மியூசியத்துக்குள் இன்னொரு ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிறது, ஜார்ஜ் டிராகோஸ், லூ தெஸ் இருவர் பேரில். அமெச்சூர் மல்யுத்தத்தில் நிஜமாகவே தேறிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர்களுக்கானது அது. உங்களுக்கு அதுதான் அதிகம் பிடிக்கும், ஆனால் டெக்சாஸிலிருந்து ரொம்பத் தூரம், அதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.