கப்பல்ல என்ன இருக்குன்னு பார்க்கவா, கப்பல் எங்க நிக்குதுன்னு பார்க்கவா?

இந்த மாசம் வந்த கேள்வியெல்லாம் எடுத்து வச்சுப் பார்த்தா பாதிக்கு மேல க்ரூஸ் பத்திதான், அதுலயும் எல்லாரும் மாட்டிக்கிட்டு நிக்கிறது ஒரே இடத்துலதான், பெரிய புதுக் கப்பலா இல்ல நல்ல ஊர்களுக்குப் போற கப்பலா. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இந்தத் தடவை இதை மட்டும் எடுத்துக்கிறேன்.

வணக்கங்க அக்கா. மே லீவுல சிங்கப்பூர்ல இருந்து கப்பல்ல போலாம்னு இருக்கறோம். நாங்க ரெண்டு பேரு, பசங்க ரெண்டு பேரு (8, 12 வயசு), மாமனார் மாமியார். ஒரு ஏஜென்ட் 3 நைட், பினாங்கு மட்டும், ஆனா கப்பல் பெருசு, ஸ்லைடு அது இதுன்னு எல்லாம் இருக்குங்கறார். இன்னொருத்தர் 4 நைட், பினாங்கும் புக்கெட்டும் வருது, கப்பல் கொஞ்சம் பழசுங்கறார். காசு பெருசா வித்தியாசமில்லீங்க. எதை எடுக்கறது? — வாசகி, கோவை

உங்க வீட்டு ஆளுங்களுக்கு 3 நைட் பெரிய கப்பல்தான்மா. ரெண்டு ஊரு வருதேன்னு 4 நைட் பக்கம் மனசு இழுக்கும், ஆனா மே மாசத்தை யோசிச்சுப் பாருங்க. புக்கெட்ல பெரிய கப்பல் நிறைய தடவை படோங் கடற்கரைக்கு எதிர்ல கடல்லயே நங்கூரம் போட்டு நின்னுடும், அங்கேருந்து சின்ன போட்ல ஏத்திக் கரைக்குக் கொண்டு போவாங்க, டெண்டர்னு சொல்றது இதைத்தான். மே பாதியில தென்மேற்குப் பருவக்காத்து ஆரம்பிச்சிடும், அது நேரா வந்து அடிக்கிறதே அந்த மேற்குக் கரையிலதான். அலை ஆடுற போட்ல மாமியார் கால எடுத்து வைக்கணும், பக்கத்துல சிப்பந்தி கையப் பிடிச்சுக்கிட்டு "இப்ப, இப்ப"ன்னு சொல்லுவாரு, போட் ஒரு அடி மேல வந்து ஒரு அடி கீழ போகும். வயசானவங்களுக்கு அது லேசான காரியம் இல்ல. அலை ஜாஸ்தியா இருந்தா கேப்டன் அந்த ஊரையே விட்டுட்டுப் போயிடலாம், டிக்கெட் கண்டிஷன்லயே அந்த உரிமை அவருக்கு இருக்கு, நமக்குத் திரும்பி வர்றது அந்த போர்ட்டுக்கான வரிப்பணம் மட்டும்தான். ரெண்டு ஊருன்னு காசு கட்டி ஒரு ஊரோட திரும்பி வரவும் வாய்ப்பு இருக்கு.

பினாங்கு அப்படி இல்ல. ஸ்வெட்டன்ஹாம் பியர்ல கப்பல் ஜார்ஜ் டவுனை ஒட்டியே நிக்கும், வெளிய வந்தா எதிர்லயே விக்டோரியா ராணி காலத்து மணிக்கூண்டு, பக்கத்துலயே கார்ன்வாலிஸ் கோட்டை. அப்படியே பத்துப் பதினஞ்சு நிமிஷம் நடந்தா லிட்டில் இந்தியா, குயின் ஸ்ட்ரீட்ல மாரியம்மன் கோவில், தமிழ்ப் போர்டு போட்ட பூக்கடை, இட்லி தோசை கிடைக்கிற ஹோட்டல், பெரியவங்களுக்கு அங்கயே மனசு நிறைஞ்சிடும். வெயில் தாங்கலன்னா தாத்தா பாட்டியை மட்டும் முன்னாடியே கப்பலுக்கு அனுப்பிட்டு நீங்க பசங்களோட கடலுக்கு மேல மரக்கால் நட்டுக் கட்டின சீனர் வீடுகள், க்ளான் ஜெட்டின்னு சொல்லுவாங்க, அதைப் பார்த்துட்டு வரலாம். பஸ்ஸும் வேணாம் டூரும் வேணாம். பினாங்கு ஒண்ணே போதும்ங்கிறேன்னா இதுக்குத்தான்.

அப்புறம் 3 நைட்டுங்கிறது நிஜத்துல ரொம்பக் கம்மி நேரம். முதல் நாள் மதியத்துக்கு மேலதான் ஏறுவீங்க, கடைசி நாள் காலையில இறக்கி விட்டுடுவாங்க, நடுவுல முழுசா கிடைக்கிறது ரெண்டே நாள். அதுல ஒரு நாள் பினாங்கு, மீதி எல்லாம் கப்பலுக்குள்ள, அப்ப கப்பல்ல பசங்களுக்கு வேலை இருந்தே ஆகணும். ஊரே இல்லாத ட்ரிப்பும் உண்டு, டிஸ்னி அட்வென்ச்சர்னு ஒரு கப்பலை சிங்கப்பூருக்குன்னே 2026 மார்ச்ல இருந்து அறிவிச்சாங்களே, அது 3, 4 நைட் கடல்லயே சுத்திட்டு எங்கயும் நிக்காமத் திரும்பற திட்டம். சின்னப் பசங்க மட்டும்னா அது சரி, உங்க வீட்ல பெரியவங்க இருக்காங்க, அவங்களுக்குன்னு ஒரு நாளாவது ஒரு ஊர்ல மண்ணை மிதிக்கணும்.

புக் பண்றதுக்கு முன்னாடி ஏஜென்ட்கிட்ட ஒண்ணு ரெண்டு கேட்டுக்கோங்க. ஸ்லைடுக்கு உயரக் கட்டுப்பாடு இருக்கும், சின்னவனை அளந்து பார்த்துட்டுக் கேளுங்க. கிட்ஸ் க்ளப்ல வயசு வாரியாப் பிரிப்பாங்க, அண்ணன் தம்பி ஒரே குரூப்ல வராமப் போகலாம், அது தெரியாமப் போனா சின்னவன் அழுதுட்டு உங்க கூடவே சுத்துவான். மாமனார் மாமியார் ரூம் லிஃப்ட்டுக்குப் பக்கமா கப்பல் நடுவுல கேளுங்க. சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியான்னு பாருங்க, ஏன்னா கப்பல் திரும்பி வர்றப்ப நீங்க மறுபடியும் சிங்கப்பூருக்குள்ள நுழையறீங்க.

ரிட்டயர்டு சரித்திர ஆசிரியர் நான். ரோம், ஃப்ளாரன்ஸ், பாம்பேய் பார்க்கணும்ங்கிறது வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து ஆசை. 7 நாள் மெடிட்டரேனியன் க்ரூஸ்ல மூணுமே வருதுன்னு போட்டிருக்கான். மனைவிக்கு முட்டி வலி. பெரிய புதுக் கப்பல் எடுக்கவா, சாதாரணக் கப்பல் போதுமா? — வாசகர், மதுரை

உங்களுக்கு கப்பல் ஒரு பொருட்டே இல்ல சார். நல்ல படுக்கை, சுத்தமான பாத்ரூம், மரக்கறி சாப்பாடு, லிஃப்ட், இது போதும். ஸ்லைடும் ஐஸ் ரிங்க்கும் வச்ச கப்பலுக்குக் காசு கொடுத்துட்டு தினம் காலையில எட்டு மணிக்கு இறங்கி சாயங்காலம் ஆறு மணிக்குக் களைச்சுப் போய் ஏறுறதுல என்ன பிரயோஜனம். அந்தக் காசை ஊருக்குள்ள செலவு பண்ணுங்க.

ஆனா அந்த நோட்டீஸ்ல ஊர்ப் பேரை நம்பாதீங்க, அதுதான் நான் உங்களுக்கு முக்கியமாச் சொல்ல வர்றது. ரோம்ல கடல் துறைமுகம் கிடையாது. கப்பல் நிக்கிறது சிவித்தாவெக்கியாங்கிற ஊர்ல, அங்கேருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். ஃப்ளாரன்ஸுன்னு போட்டிருந்தா அது லிவோர்னோ, அதுவும் அதே மாதிரி தூரம்தான், போகவே ஒண்ணரை மணி நேரம். காலையில ஏழு மணிக்கு கப்பல் வருது, சாயங்காலம் ஏழு மணிக்குக் கிளம்புதுன்னு வச்சுக்கோங்க, இறங்கி கேட் தாண்டி ஷட்டில் பஸ் பிடிச்சு ஸ்டேஷன் வந்து ரயில் ஏறி ரோம்ல இறங்குறப்ப மணி பத்துக்கிட்ட ஆயிடும், கிளம்புறதுக்கு அரை மணி ஒரு மணி முன்னாடியே எல்லாரும் ஏறியிருக்கணும், அப்ப மூணரை நாலுக்கே ரோமை விட்டுக் கிளம்பணும். மிச்சம் ஆறு மணி நேரம்கூட இல்ல. அதுல கொலோசியமா வாட்டிகனான்னு ஒண்ணைத்தான் எடுத்துக்க முடியும், ரெண்டையும் ஓட்டமா ஓடிப் பார்த்தா ரெண்டுமே நெஞ்சுல நிக்காது. இத்தனை வருஷம் பாடம் நடத்தின ஊரை அப்படிப் பார்க்காதீங்க சார், தயவுசெஞ்சு.

இதுக்கு ஒரு வழி இருக்கு. எம்எஸ்சி, கோஸ்டா மாதிரி கம்பெனிகள் இந்த வட்டப் பாதையில பல ட்ரிப்ல ஒரே ஊர்லதான் ஏறணும்னு கட்டாயம் வைக்கிறதில்ல, பார்சிலோனாவுல ஒரு கூட்டம் ஏறும், ஜெனோவாவுல ஒரு கூட்டம், சிவித்தாவெக்கியாவுல ஒரு கூட்டம். நீங்க சிவித்தாவெக்கியாவுல ஏறி அங்கயே இறங்குற மாதிரி போடுங்க. முன்னாடியே ரோமுக்கு ஃப்ளைட்ல போய் மூணு நாள் தங்கி நிதானமா எல்லாம் பார்த்துட்டு அப்புறம் ரயில்ல வந்து கப்பல் ஏறுங்க. ஃப்ளாரன்ஸையும் கப்பல் தலையில கட்டாதீங்க, ரோம்ல இருந்து வேக ரயில்ல ஒண்ணரை மணி நேரம்தான், ஒரு நாள் காலையில போய் ராத்திரி வந்துடலாம். கப்பலோட லிவோர்னோ நாள்ல பக்கத்துல பீசா கோபுரத்தை மட்டும் பார்த்துட்டு வந்து ஓய்வெடுங்க.

பாம்பேய்க்கு மட்டும் கப்பல் நல்ல துணை. நேப்பிள்ஸ்ல கப்பல் ஊர் நடுவுலயே நிக்கும், கப்பலை விட்டு இறங்கினா எதிர்ல கோட்டை. கரிபால்டி ஸ்டேஷன்ல இருந்து உள்ளூர் ரயில், அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, பாம்பேய் வாசல்லயே இறக்கி விடும். கி.பி. 79ல எரிமலைச் சாம்பல் மூடின தெருவுல வண்டிச் சக்கரம் தேய்ச்ச தடம் கல்லுல அப்படியே பள்ளமா இருக்கு, தெருவைக் கடக்குறதுக்கு நடுவுல உசரமா பெரிய பெரிய கல்லு போட்டு வச்சிருப்பாங்க, அந்தக் கல்லுக்கு இடையில சக்கரம் போற அளவு இடைவெளி விட்டிருக்கான் பாருங்க, அதை நீங்க உட்கார்ந்து பார்க்கணும். ஆனா உங்க வீட்டம்மாவோட முட்டிக்கு அந்தத் தரை ரொம்பக் கஷ்டம், மேடும் பள்ளமும்தான். சக்கர நாற்காலிக்குன்னு சரி பண்ணின பாதை ஒண்ணு இருக்கு, அதுல ஒரு மணி நேரம் நடந்துட்டு அவங்க நிழல்ல உட்காரட்டும், நீங்க மீதியைப் பாருங்க.

இன்னொரு ஏஜென்ட் வெனிஸ் வர்ற பாதையைக் காட்டினா எந்தத் துறைமுகம்னு கேளுங்க. 2021 ஆகஸ்ட்ல இருந்து பெரிய கப்பல்கள் வெனிஸ் ஊருக்கு முன்னாடி இருக்கிற ஜுடெக்கா கால்வாய்ல போக முடியாது, அதனால பல கப்பல் ரவென்னாவுலயோ திரியெஸ்தேவுலயோ நிக்குது, ரெண்டுமே நூறு கிலோமீட்டருக்கு மேல, ஆனா நோட்டீஸ்ல வெனிஸுன்னுதான் இருக்கும். ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவும் பார்த்துக்கோங்க, பாதையில துனிசியாவோ துருக்கியோ நடுவுல வந்தா மல்டிபிள் என்ட்ரி வேணும்.

பையன் அமெரிக்காவுல சான் ஹோசேல இருக்கான், நாங்க ஜூன்ல போறோம். அலாஸ்கா க்ரூஸ் போலாம்ங்கிறான். அங்க பெரிய ஊரே இல்லையாமே, அப்ப நல்ல கப்பலாத்தானே எடுக்கணும்? — வாசகி, சென்னை

இங்க கணக்கு வேற மாதிரிம்மா. அலாஸ்காவுல கப்பல்ல உட்கார்ந்தபடியே பார்க்கிறதுதான் பெரிய விஷயம், அதனால கப்பல் எந்த வழியில போகுது, எந்தப் பனிப்பாறைக்குப் பக்கத்துல போகுதுங்கிறதுதான் முக்கியம், கப்பல்ல கோ-கார்ட் இருக்கான்னு இல்ல. க்ளேசியர் பேங்கிற பனிப்பாறை விரிகுடாவுக்குள்ள ஒரு நாளைக்கு ரெண்டு பெரிய கப்பலுக்கு மேல அனுமதி கிடையாது, ஹாலண்ட் அமெரிக்கா, பிரின்சஸ் மாதிரி கம்பெனிகள்ல அந்த அனுமதி உள்ள ட்ரிப் நிறைய. அங்க கரையில இறங்க மாட்டீங்க, பார்க் ரேஞ்சர்களே கப்பலுக்கு ஏறி வந்து மைக்ல விளக்கம் சொல்லுவாங்க. பனிப்பாறைக்கு முன்னால கப்பல் நின்னு மெதுவா ஒரு சுத்து திரும்பும், அதனால எந்தப் பக்கத்து பால்கனியா இருந்தாலும் கிடைக்கும், ஐஸ் உடைஞ்சு தண்ணில விழுறது முதல்ல கண்ணுக்குத் தெரியும், சத்தம் அப்புறம்தான் வந்து சேரும். பால்கனிக்கு நான் தாராளமா காசு செலவு பண்ணச் சொல்ற இடம் இது ஒண்ணுதான்.

ஊரும் இருக்கு, இல்லாம இல்ல. ஸ்கேக்வேல கப்பலுக்குப் பக்கத்துலயே ரயில் வந்து நிக்கும், 1898ல தங்க வேட்டைக் காலத்துல போட ஆரம்பிச்ச வொயிட் பாஸ் பாதை, மலை மேல ஏறி இறங்கி மூணு மணி நேரத்துக்குள்ள திரும்பிடும், நடக்கவே வேணாம்.

விசாதான் உங்களுக்குத் தலைவலி. சியாட்டில்ல இருந்து கிளம்புற கப்பல்கூட நடுவுல கனடாவுல விக்டோரியாவைத் தொட்டுட்டு வரும், வெளிநாட்டுக் கொடி கட்டின கப்பல் ஒரு அமெரிக்க ஊர்ல ஏத்தி அங்கயே கொண்டு வந்து விடணும்னா நடுவுல ஒரு வெளிநாட்டுத் துறைமுகம் தொடணும்ங்கிறது 1886ல போட்ட சட்டத்தோட வழி வந்த விதி. அதனால இந்திய பாஸ்போர்ட்டுக்கு கனடா விசாவும் வேணும், பையனை இப்பவே அப்ளை பண்ணச் சொல்லுங்க.

உள்ளே ஜன்னல் இல்லாத கேபின் எடுத்தா மூச்சு முட்டுமா அக்கா? வாந்தி வருமா? — வாசகர், சேலம்

மூச்சு முட்டாது தம்பி, ஏசி இருக்கும், ஆனா விடிஞ்சது தெரியாது. 3, 4 நைட்டுக்கு உள் கேபின் தாராளம், மிச்சமாகுற காசுல ஊர்ல சுத்துங்க. வாந்தி பயம்னா மேல் டெக் வேணாம், கீழ் டெக்ல கப்பல் நடுப்பகுதியில கேளுங்க, ஆட்டம் அங்கதான் கம்மி. மலாக்கா ஜலசந்தி பொதுவா அமைதியான கடல்தான். மாத்திரை டாக்டர்கிட்ட கேட்டு வாங்கி வச்சுக்கோங்க, தலை சுத்த ஆரம்பிச்சதுக்கு அப்புறம் போட்டா பெருசா வேலை செய்யாது.

கப்பல்காரங்க போடுற டூர் விலை ரொம்ப ஜாஸ்தி. நாமளே டாக்ஸி பிடிச்சுப் போகலாமா? — வாசகர், திருநெல்வேலி

ஊருக்குள்ளயே கப்பல் நிக்குதுன்னா, பினாங்கு, நேப்பிள்ஸ் மாதிரி, நீங்களே போங்க, டூர் வேணாம். தூரமா இருந்தா, டெண்டர் போட்ல இறங்கணும்னா, கப்பல் டூரே எடுங்க. அவங்க பஸ் ட்ராஃபிக்ல மாட்டினா கப்பல் காத்திருக்கும், நீங்க தனியாப் போய் லேட்டானா காத்திருக்காது, அடுத்த ஊருக்கு உங்க செலவுல ஃப்ளைட் பிடிச்சுப் போய் ஏறணும், அதனால பாஸ்போர்ட் லாக்கர்ல இருக்கிறதுக்குப் பதிலா கையில இருக்கிறது நல்லது, அந்த ஊர்ல இறங்குற அனுமதிக்காக பாஸ்போர்ட்டைக் கப்பல்லயே வாங்கி வச்சுக்கிட்டாங்கன்னா ஒரு நகலாவது கையில வச்சுக்கோங்க.

இன்னொண்ணு, சிங்கப்பூர்ல இருந்து தாய்லாந்து போற ட்ரிப்ல கவனமா இருங்க. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னாடி. கரையில இறங்கினதும் போன் தானா தாய்லாந்து நேரத்துக்கு மாறிடும், கப்பல் சிங்கப்பூர் நேரத்துலயே ஓடிக்கிட்டு இருந்தா உங்க போன்ல நாலு மணின்னா அங்க அஞ்சு. இறங்குறதுக்கு முன்னாடி வாசல்ல போர்டுல திரும்பி வர வேண்டிய நேரம் எழுதியிருப்பாங்க, அதை ஒரு போட்டோ எடுத்துட்டு எந்த ஊர் நேரம்னு அங்க நிக்கிறவங்ககிட்டயே கேட்டுட்டு இறங்குங்க.