ஒரே மாடல் புல்வெட்டி, ஆனால் எஞ்சின் மட்டும் வேறு. ஏன்?

கேள்வி: "கிளிநொச்சியில் எங்கள் பாடசாலை மைதானத்துக்கு வாங்கிய தள்ளு புல்வெட்டியும், பிறகு அதே பெயரில் அதே மாடலில் வாங்கியதும் வேறு வேறு எஞ்சினோடு வந்திருக்கின்றன. கம்பனிகள் ஏன் மாற்றுகின்றன? ஒன்றின் சாமானை மற்றதுக்குப் போடலாமா?"

சாமான் விஷயம் முதலில்: எஞ்சின் சாமான்களில் அநேகமாக எதுவும் பொருந்தாது, பிளக் மட்டும் சில வேளை பொருந்தலாம்.

புல்வெட்டி விற்கும் கம்பனிகளில் பல எஞ்சின் செய்வதில்லை. தகட்டுக் கூடு, கைபிடி, சில்லு, பிளேட் இவைதான் அவர்கள் வேலை. எஞ்சினை வெளியில் வாங்கிப் பூட்டுவார்கள். அதற்கு வசதியாக, பிளேட் பூட்டும் செங்குத்துத் தண்டின் விட்டம் 22.2 மி.மீ அல்லது 25.4 மி.மீ என்று பழகிப்போய்விட்டது. கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் மாற்றலாம்.

மாற்ற வைப்பது பெரும்பாலும் மூன்று விஷயங்கள். ஒன்று, எஞ்சின்காரரே கடையை மூடுவது. அமெரிக்க எஞ்சின் கம்பனியான டெக்கும்சே 2008 முடிவோடு சிறு எஞ்சின் தொழிலை விட்டது. அதை நம்பியிருந்தவர்கள் அவசரமாக வேறு ஆளைத் தேடினார்கள். இன்னொரு அமெரிக்க எஞ்சின் கம்பனியான பிரிக்ஸ் அன்ட் ஸ்ட்ரட்டன் 2020 ஜூலையில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டுப் பின் கைமாறியது. அமெரிக்கா போன்ற நாடுகளில் புல்வெட்டி வசந்தகாலச் சில மாதங்களில்தான் விற்கும். அந்த நேரம் எஞ்சின் வராவிட்டால் வருடமே போச்சு. ஆகவே ஒரே ஆளிடம் தொங்கிக்கொண்டிருக்க யாரும் விரும்புவதில்லை.

அடுத்தது புகைச் சட்டம். அமெரிக்காவில் 225 சீசீக்குக் குறைந்த எஞ்சின்களுக்கு 2012 மாடல் வருடத்திலிருந்து, ஒரு கிலோவாட்-மணி வேலைக்குப் புகையில் ஐதரோகாபனும் நைதரசன் ஒட்சைட்டும் சேர்ந்து 10 கிராம் என்று வரம்பு வந்தது. வால்வு பக்கத்தில் இருக்கும் பழைய எஞ்சின்கள் அதில் அடிபட்டன.

மூன்றாவது விலை. லொன்சின், சொங்ஷென் போன்ற சீன எஞ்சின்கள் மலிவு. 2021இல் அமெரிக்கா சீனச் செங்குத்துத் தண்டு எஞ்சின்களுக்கு மேலதிக வரி போட்டதும் அந்தக் கணக்கும் குழம்பியது. இதற்கிடையில் ஹொண்டா 2023 செப்டெம்பரோடு பெற்றோல் புல்வெட்டி செய்வதையே விட்டுவிட்டது, எஞ்சின் மட்டும் விற்கிறது.

இனி வன்னிக் கணக்கு. இங்கே புல்லு வெட்டப் பெரும்பாலும் தோளில் மாட்டும் பிரஷ் கட்டர்தான். தள்ளு புல்வெட்டி குறைவு என்பதால் அதன் சாமானைத் தண்ணிப் பம்புச் சாமான் விற்கும் கடையில்தான் தேடுவீர்கள். அங்கேதான் பிழைக்கிறது. பம்பில் இருக்கும் ஹொண்டா ஜீ.எக்ஸ் 160இன் சிலிண்டர் விட்டம் 68 மி.மீ, பிஸ்டன் ஏறி இறங்கும் ஓட்டம் 45. புல்வெட்டியில் வரும் ஜீ.சீ.வீ 160 இல் அது 64க்கு 50. ஜீ.சீ.வீக்குள் வால்வைத் தள்ளும் தள்ளுகோல் கிடையாது, வால்வைத் திறக்கும் கேம் மேலேயே இருந்து பட்டியால் சுழலும். இரண்டிலும் "160" என்று எழுதியிருக்கும். பிஸ்டன் றிங்கை வாங்கிவந்து போட்டுப் பார்த்துத்தான் தெரியவரும். இரண்டுக்கும் பொதுவானது பீ.பீ.ஆர்.6.ஈ.எஸ் பிளக், இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. சீனப் பம்புகளில் காணும் "168எஃப்" என்பதில் 68 சிலிண்டர் விட்டம், அது ஜீ.எக்ஸ் வழி.

பம்பு எஞ்சினை நிமிர்த்திப் புல்வெட்டியில் பூட்டலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. ஒயில் தெறிக்கும் முறை, காபரேட்டர் நிலை எல்லாம் படுக்கைத் தண்டுக்கென்றே செய்தவை.

செங்குத்து எஞ்சினையே மாற்றுவதென்றால் தண்டின் விட்டம் மட்டும் பார்த்தால் போதாது. நீளம் 62 மி.மீ அல்லது 80 மி.மீ இருக்கும். தானே ஓடும் புல்வெட்டிக்குக் கூட்டுக்குள் பட்டி ஓடும் ஒரு புல்லியும் வேண்டுமென்பதால் தண்டு நீண்டதாக இருக்கும். குறைந்ததைப் போட்டால் பிளேட் கூட்டில் உரசும். நீண்டதைப் போட்டால் விளிம்புக்குக் கீழே தொங்கும். வாஷர் அடுக்கிச் சமாளிக்க வேண்டாம், பிளேட் கழன்றால் கால் போகும். சுற்றுவேகமும் முக்கியம்: 22 அங்குலப் பிளேட்டின் நுனிக்கு அமெரிக்கப் பாதுகாப்பு விதி வைத்த வேக எல்லையை வைத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 3300 சுற்றைத் தாண்டக்கூடாது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை 2900 முதல் 3100க்குள் வைத்தால் போதும்.

இன்னொன்று. வெட்டிய பற்றைக் கட்டையிலோ கிரவல் கல்லிலோ பிளேட் அடிபட்டபின் ஸ்டார்ட் கயிறு கையை உதறியடித்தால், சைலன்சரில் வெடித்தால், "புது எஞ்சின் சரியில்லை" என்று முடிவெடுக்காதீர்கள். ஃப்ளைவீலைத் தண்டோடு பிடித்திருக்கும் சின்ன ஆப்பு, அதாவது ஃப்ளைவீல் கீ, வெட்டுப்பட்டு, பிளக் பொறி விழும் நேரம் (டைமிங்) நகர்ந்திருக்கும். அந்தக் கீ வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்த சாமான். லேத் பட்டறையில் இரும்பில் கடைந்து போட்டால் அடுத்த அடி தண்டுக்கு விழும்.

வாங்கும்போது கூட்டின் நிறத்தையும் ஸ்டிக்கரையும் விட்டுவிட்டு எஞ்சினில் அடித்திருக்கும் எண்ணைப் படம் எடுங்கள். பிரிக்ஸ் என்றால் மாடல், டைப், கோட் என மூன்று எண். கோட்டின் முதல் இரண்டு இலக்கம் செய்த வருடம், அடுத்த இரண்டு மாதம். அந்த எண்ணுக்குரிய காபரேட்டர், கயிற்றுச் சுருள், எயார் ஃபில்டர் மூன்றையும் கடைக்காரர் கையில் எடுத்துக் காட்டினால்தான் காசைக் கொடுங்கள்.