பழைய பெட்டிக்குப் புது வூஃபர்: வாட்டைப் பார்க்காதீர்கள், பெட்டியைப் பாருங்கள்

கேள்வி: தச்சரை வைத்து அப்பா செய்த 2 ஸ்பீக்கர் பெட்டிகள் வீட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 8 இன்ச் வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்), ஒரு ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்). ட்வீட்டருக்கு முன்னால் 4.7 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்று மட்டும். பெட்டியின் உள்ளளவு 40 × 30 × 25 செ.மீ. போர்ட்டாக (பெட்டிக் காற்று வெளியே போய்வரும் திறப்பாக) 6 செ.மீ. உள்விட்டமும் 12 செ.மீ. நீளமும் கொண்ட பிவிசி குழாய். இப்போது ஒரு வூஃபர் கரகரக்கிறது. ஒரு கடையில் 300 வாட் கார் சப்வூஃபர் போடச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் பெரிய மேக்னட்டாகப் பார்த்து வாங்கச் சொல்கிறார்கள். அதிகம் செலவழிக்க முடியாது. எதை வாங்கலாம்?

பதில்: கடைக்குப் போகும் முன் பழைய வூஃபரைக் கழற்றிப் பாருங்கள். கோனைச் (முன்னால் அதிரும் கூம்பைச்) சுற்றியுள்ள ஃபோம் வளையம் பொடிந்து போயிருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் பெட்டிக்கு இதைவிட மலிவாகவும் பொருத்தமாகவும் வேறொன்று கிடைக்காது. வளையம் நன்றாக இருந்தால், இரண்டு கைவிரல்களாலும் கோனைச் சமமாக உள்ளே அழுத்திப் பாருங்கள். உராயும் சத்தம் கேட்டால் கோனோடு ஒட்டிய கம்பிச் சுருளான 'காயில்' மேக்னட்டில் இடிக்கிறது என்று பொருள். மல்டிமீட்டரில் 8 ஓம் வூஃபர் 6 முதல் 7 ஓம் வரை காட்டும்; எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. இந்த நிலையிலும் ரீகோன் செய்யலாம், அதாவது கோனையும் காயிலையும் புதிதாக மாற்றலாம். ஆனால் கடைக்காரர் கையில் இருக்கும் கோனும் காயிலும்தான் உள்ளே போகும் என்பதால் எடை மாறி, அது வேறொரு வூஃபராகவே திரும்பி வரலாம். வந்ததை நல்ல வூஃபரோடு ஒப்பிட்டுக் கேட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.

புதிதாகத்தான் வாங்க வேண்டுமென்றால், இரண்டு கடைக்காரர்கள் சொன்னதையும் மறந்துவிடுங்கள். வாட் என்பது காயில் கருகாமல் தாங்கும் அளவுதானே தவிர, ஒலியின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மலிவு வூஃபர்களில் ஒட்டியிருக்கும் வாட் ஸ்டிக்கரை நான் படிப்பதேயில்லை. மேக்னட்டும் அப்படித்தான்; பெரிதாக இருந்துவிட்டால் பேஸ் கூடிவிடாது. அளவுக்கு மீறி வலுவான மேக்னட் கோனை இறுக்கிப் பிடித்து அடிப்பேஸைக் குறைத்துவிடுவதும் உண்டு.

உங்கள் பெட்டி ஏற்கெனவே செய்து முடித்தது. எந்த வூஃபர் என்பதை முடிவு செய்வதும் அந்தப் பெட்டிதான். நீங்கள் தந்த அளவுக்கு மொத்தக் கொள்ளளவு 30 லிட்டர். வூஃபரும் குழாயும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் சுமார் 28. அந்தக் குழாயோடு சேர்ந்து பெட்டி ஏறத்தாழ 43 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும். எந்த வூஃபரை மாட்டினாலும் இந்த எண் பெரிதாக மாறாது. எனவே அதற்கு இசைந்து போகும் வூஃபரைத்தான் தேட வேண்டும்.

தேட உதவும் கணக்கை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் வகுத்தார். 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். நிறுவனம் வூஃபருக்கு வெளியிடும் அளவுத் தாளான டேட்டா ஷீட்டில் தீல்–ஸ்மால் அளவுகள் என்று வருவது இதுதான். அதில் நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று. எஃப்.எஸ். என்பது பெட்டி இல்லாமல் கோன் தானாக அதிரும் அலைவெண். வி.ஏ.எஸ். என்பது கோனைத் தாங்கிப் பிடிக்கும் தொங்கலுக்கு இணையான நெகிழ்வுள்ள காற்றின் கொள்ளளவு. க்யூ.டி.எஸ். என்பது அந்த அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்பதைக் காட்டும் எண். எஃப்.எஸ். 40 ஹெர்ட்ஸை ஒட்டியும், வி.ஏ.எஸ். 30 லிட்டரை ஒட்டியும், க்யூ.டி.எஸ். 0.38 அளவிலும் இருந்தால் உங்கள் பெட்டிக்கு அளந்து தைத்தது போல உட்காரும். க்யூ.டி.எஸ். 0.33 ஆகவும் வி.ஏ.எஸ். 45 ஆகவும் இருந்தாலும் குறையில்லை.

மலிவு விலையில் க்யூ.டி.எஸ். 0.5, 0.6 என்றுதான் அதிகம் கிடைக்கும். அதைப் போர்ட் உள்ள பெட்டியில் போட்டால் எல்லாப் பாட்டிலும் ஒரே 'தொம் தொம்'. ஆனால் வாங்கவே கூடாது என்றில்லை. போர்ட்டைக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுங்கள். மூடிய பெட்டியில் 0.5 க்யூ.டி.எஸ்., 30 லிட்டர் வி.ஏ.எஸ். உள்ள வூஃபர் பெட்டியோடு சேர்ந்து 0.72 என்ற மொத்த க்யூ தரும். அது மிக நல்ல எண். பேஸின் ஆழம் கொஞ்சம் குறையும், தெளிவு கூடும். மிருதங்கம், தபேலா கேட்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன். வூஃபரின் க்யூ.டி.எஸ்.ஸே 0.7க்கு மேல் போனால் மட்டும் வேண்டாம்.

கார் சப்வூஃபர் ஏன் ஆகாது? உங்கள் ட்வீட்டர் 8 ஓம் என்றால், அந்தக் கபாசிட்டரோடு சுமார் 4,200 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் அது முழுதாகப் பேசும். பாடகர் குரல் முழுக்க வூஃபரின் பொறுப்பு. கனமான கோன் கொண்ட சப்வூஃபரால் அவ்வளவு மேலே ஏற முடியாது. குரல் போர்வைக்குள்ளிருந்து வரும். போதாக்குறைக்கு அவற்றில் பல 4 ஓம். 8 ஓமுக்கென்று செய்த ஆம்ப்ளிஃபையரில் மாட்டினால் மின்னோட்டம் இரட்டிப்பாகி ஆம்ப் சூடேறும். மேடைக்கான பி.ஏ. வூஃபரில் நேர்மாறான சிக்கல்: குரல் கணீரென்று வரும், சத்தமும் அதிகம், ஆனால் எஃப்.எஸ். பெரும்பாலும் 60க்கு மேல் என்பதால் அடிப்பேஸ் இருக்காது.

சென்சிடிவிட்டியையும், அதாவது குறிப்பிட்ட மின்சாரத்துக்கு வூஃபர் எவ்வளவு சத்தம் தருகிறது என்பதையும் பாருங்கள். புது வூஃபர் பழையதைவிட 3 டெசிபல் குறைவாக இருந்தால் ட்வீட்டர் காதைக் குத்தும். 8 ஓம் ட்வீட்டருக்குத் தொடராக 3.3 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் அது அடங்கும். அதோடு ட்வீட்டர் சற்றுக் கீழிருந்தே பேசத் தொடங்கும். வீட்டுச் சத்தத்துக்கு அது பரவாயில்லை. 4 ஓம் வூஃபரின் சென்சிடிவிட்டியை 2.83 வோல்ட்டில் குறித்திருந்தால் 3 டெசிபல் கழித்தே படியுங்கள், அது 1 வாட் அல்ல, 2 வாட்.

சென்னை ரிச்சி தெருவில் தேடுவதானால் வெட்டுத்துளையின் விட்டம், திருகுத் துளைகளின் இடைவெளி, உள்ளே இருக்கும் ஆழம் மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். 8 இன்ச் என்று விற்பவை எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. பியர்லெஸ் போல டேட்டா ஷீட் வெளியிடும் நிறுவனத்தின் சாதாரண மாடலே போதும். பெயரில்லாத வூஃபர்தான் பட்ஜெட்டுக்குள் வரும் என்றால், எஃப்.எஸ். அளவை மட்டும் சோதியுங்கள். கைபேசியில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை ஆம்போடு இணைத்து, வூஃபருக்குத் தொடராக 1,000 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். வூஃபர் முனைகளில் ஏசி வோல்ட் எந்த அலைவெண்ணில் உச்சத்துக்குப் போகிறதோ அதுதான் எஃப்.எஸ். 60ஐத் தாண்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எதை வாங்கினாலும் ஜோடியாக வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாயும். மீதமாகும் நல்ல பழைய வூஃபரை எறியாதீர்கள், ரீகோன் கடைகளில் உதிரிக்கு எடுத்துக்கொள்வார்கள்.

மாட்டும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. காயில் கருகியிருந்தால் குற்றவாளி ஆம்ப்பாகவும் இருக்கலாம். பாட்டு ஓடாதபோது ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 1 வோல்ட்டை எட்டினால் முதலில் ஆம்பைச் சரிசெய்யுங்கள். பிறகு 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை வூஃபரின் சிவப்பு முனையில் ஒரு நொடி தொடுங்கள். இரண்டு வூஃபரிலும் கோன் வெளிப்பக்கம் நகர வேண்டும். ஒன்று உள்ளே போனால் அதன் வயரை மட்டும் மாற்றி இணையுங்கள்.